கிட்ஹப் இணைப்பு: பப்ளிக்கா? பிரைவேட்டா?

புரோகிராம் எழுத வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிலை மாறிவிட்டது. இப்போது ஏஐ எடிட்டர்கள் வந்துவிட்டன. மைக்ரோசாப்டின் விஷுவல் ஸ்டுடியோ கோட் மென்பொருளில் கோபைலட் என்ற உதவியாளர் இருக்கிறது. கர்சர் என்ற பெயரில் இன்னொரு எடிட்டரும் உண்டு. அது விஷுவல் ஸ்டுடியோ கோடை அடிப்படையாகக் கொண்டு உருவானது. நமக்கு வேண்டியதைச் சொன்னால் இவை புரோகிராமை எழுதிக் கொடுக்கும். எழுதியதைப் பத்திரமாக வைக்க உதவும் இணைய சேவைதான் கிட்ஹப். இரண்டையும் இணைப்பது எளிய வேலை. ஆனால் அதில் ஓர் இடத்தில் மட்டும் நின்று யோசித்துப் பதில் சொல்ல வேண்டும்.

ஓர் உதாரணம்

ஓசூர் சிப்காட்டில் ஒருவர் சிறிய லேத் பட்டறை நடத்துவதாக வைத்துக் கொள்வோம். வாகன கம்பெனிகளின் சப்ளையர்களுக்கு அவர் பாகங்களைக் கடைந்து கொடுக்கிறார். வாடிக்கையாளர்களில் சிலர் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கிறார்கள். சிலர் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் இருக்கிறார்கள். பொதுவாக, தமிழ்நாட்டுக்குள் பில் போட்டால் மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என்று வரி இரண்டாகப் பிரியும். கர்நாடகத்துக்குப் போட்டால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக வரும். வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகம்.

இந்த விதியைச் சொன்னால் ஏஐ எடிட்டர் பில் புரோகிராமை எழுதிவிடும். மறுநாள், "பில்லில் லாரி எண்ணும் வர வேண்டும்" என்று கேட்கிறீர்கள். அதைச் சேர்க்கும்போது வரிக் கணக்கிலும் அது கை வைத்துவிடலாம். 29-ல் தொடங்கும் எண்ணுக்கும் வரி இரண்டாகப் பிரிந்து பில் வரும். நேற்று சரியாக இருந்த புரோகிராமை எப்படித் திரும்பப் பெறுவது? இதற்காகத்தான் கிட் தேவைப்படுகிறது.

கிட் வேறு, கிட்ஹப் வேறு

கிட் என்பது உங்கள் கம்ப்யூட்டரில் இயங்கும் இலவச மென்பொருள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் இதை எழுதினார். நீங்கள் கமிட் செய்யும் ஒவ்வொரு முறையும், போல்டர் அப்போது இருந்த நிலையைத் தேதியுடன் பதிந்து வைக்கும். கிட்ஹப் என்பது அந்தப் பதிவுகளின் பிரதியை இணையத்தில் வைக்கும் சேவை. 2008-ல் தொடங்கிய இதை 2018-ல் மைக்ரோசாப்ட் வாங்கியது. உங்கள் ஹார்ட் டிஸ்க் பழுதானாலும் கிட்ஹப்பில் உள்ள பிரதி பிழைத்திருக்கும்.

இணைப்பது எப்படி?

1. கிட்ஹப் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். பாஸ்வேர்டோடு நிறுத்தாமல், செட்டிங்ஸில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

2. விஷுவல் ஸ்டுடியோ கோடில் உங்கள் புரோகிராம் உள்ள போல்டரைத் திறந்து கொள்ளுங்கள். இடது ஓரத்தில் கிளை பிரிவது போன்ற படம் இருக்கும். அதுதான் சோர்ஸ் கன்ட்ரோல். அதைக் கிளிக் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் கிட் இல்லை என்றால் அதை டவுன்லோட் செய்யும் பட்டன் அங்கேயே தெரியும். இன்ஸ்டால் செய்தபின் எடிட்டரை மூடித் திறக்கவும்.

3. யார் கமிட் செய்கிறார் என்பது கிட்டுக்குத் தெரிய வேண்டும். ஏஐ உரையாடல் பெட்டியில், "கிட்டில் என் பெயரையும் இமெயிலையும் பதிவு செய்" என்று கேளுங்கள், விவரத்தையும் கொடுங்கள். கட்டளையை ஓட்டும் முன் அது உங்களிடம் அனுமதி கேட்கும். படித்துப் பார்த்துச் சம்மதியுங்கள்.

4. இனி சோர்ஸ் கன்ட்ரோலில் 'பப்ளிஷ் டு கிட்ஹப்' என்ற பட்டனை அழுத்துங்கள். பிரவுசர் திறந்து, எடிட்டருக்கு அனுமதி தரலாமா என்று கிட்ஹப் கேட்கும். சம்மதம் கொடுங்கள். உங்கள் கிட்ஹப் பாஸ்வேர்டை எடிட்டருக்குள் எங்கும் டைப் செய்ய வேண்டாம். கிட் வேலைகளுக்குப் பாஸ்வேர்டை ஏற்பதை கிட்ஹப் 2021 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டது.

5. இப்போது எடிட்டரின் மேல்பக்கம் இரண்டு வரிகள் தோன்றும். ஒன்று பிரைவேட் ரெபாசிட்டரி, மற்றது பப்ளிக் ரெபாசிட்டரி. நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். பிரைவேட் என்பதைத் தேர்வு செய்யுங்கள். 2019 ஜனவரியில் இருந்து பிரைவேட்டும் இலவசம்தான்.

6. அடுத்து எந்தெந்த பைல்கள் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். பாஸ்வேர்டு உள்ள பைல்கள், வாடிக்கையாளர் விவரங்கள் ஆகியவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். அப்படி விட்டவற்றை எடிட்டர் 'கிட்இக்னோர்' என்ற பைலில் குறித்துக் கொள்ளும். பிறகு ஓகே கொடுத்தால் இணைப்பு முடிந்தது.

ஐந்தாவது படி ஏன் முக்கியம்?

பப்ளிக் என்றால் உலகில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். டொயோட்டா நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். அதன் டி-கனெக்ட் சேவைக்கு வெப்சைட் செய்து கொடுத்த ஒப்பந்த நிறுவனம், 2017 டிசம்பரில் அந்த புரோகிராமின் ஒரு பகுதியைத் தவறுதலாக கிட்ஹப்பில் பப்ளிக்காக வைத்துவிட்டது. அதற்குள் சர்வரைத் திறக்கும் சாவியும் எழுதப்பட்டிருந்தது. 2022 செப்டம்பரில்தான் இது தெரிய வந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் இமெயில் முகவரிகள் வெளியே போயிருக்கக் கூடும் என்று டொயோட்டா அறிவித்தது.

கவனியுங்கள், பைலைப் பப்ளிக்காக வைத்தது பெரிய கம்பெனி அல்ல, அதற்கு வேலை செய்து கொடுத்தவர். ஓசூர் பட்டறைகளும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த டிராயிங்கும் விலைப் பட்டியலும் வெளியே போனால், அடுத்த ஆர்டர் வருமா என்பது சந்தேகம்தான்.

பிரைவேட் போட்டால் போதுமா?

போதாது. ஏஐ உதவியாளர் பதில் சொல்வதற்காக, திறந்திருக்கும் போல்டரில் உள்ள பைல்களைப் படித்துத் தன் கம்பெனியின் சர்வருக்கு அனுப்பும். கிட்இக்னோரில் குறித்துவிட்டதாலேயே ஏஐ அந்தப் பைலைப் படிக்காது என்று நம்பியிருக்கக் கூடாது. ஆகவே டிராயிங், விலைப் பட்டியல், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் வேறு போல்டரில் வையுங்கள். புரோகிராமைச் சோதிக்கப் பொய்யான பெயர்களும் எண்களும் போதும். கர்சரில் பிரைவசி மோட் என்ற வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் அதைப் போட்டுக் கொள்ளுங்கள்.

தவறிப் போய் ஒரு பாஸ்வேர்டு கிட்ஹப்புக்குப் போய்விட்டால் பைலை அழிப்பதோடு நிறுத்தாதீர்கள். பழைய கமிட்களில் அது அப்படியே இருக்கும். முதலில் அந்தப் பாஸ்வேர்டையே மாற்றுங்கள்.

தினசரி வழக்கம்

ஏஐயிடம் புதிய மாற்றம் கேட்கும் முன், சரியாக ஓடும் நிலையைக் கமிட் செய்யுங்கள். சோர்ஸ் கன்ட்ரோலில் மேலே உள்ள பெட்டியில், "வரிக் கணக்கு சரி" என்பது போல ஒரு வரி எழுதி கமிட் பட்டனை அழுத்தவும். பின்பு 'சிங்க் சேஞ்சஸ்' அழுத்தினால் பிரதி கிட்ஹப்புக்குப் போய்விடும்.

ஏஐ மாற்றியபின் அந்தப் பைலின் பெயரை அங்கே கிளிக் செய்யுங்கள். நீக்கிய வரிகள் சிவப்பிலும் சேர்த்தவை பச்சையிலும் தெரியும். லாரி எண் கேட்டதற்கு வரிக் கணக்கு வரிகள் சிவப்பாக இருந்தால் விஷயம் புரிந்துவிடும். பெயருக்கு அருகில் உள்ள வளைந்த அம்புக்குறியை அழுத்தினால், கடைசியாகக் கமிட் செய்த நிலைக்குப் பைல் திரும்பிவிடும். கடைசியில் 33-க்கு ஒரு பில், 29-க்கு ஒரு பில் போட்டுப் பாருங்கள். இரண்டும் சரியாக வந்தால் அடுத்த கமிட்டைக் கொடுக்கலாம்.