16.43-க்குள் இரண்டு சராசரிகள்

ஒன்பதாம் வகுப்புப் புள்ளியியல் பாடத்தில் கூட்டுச் சராசரியைக் கண்டுபிடிப்பது பெரும்பாலான மாணவர்களுக்குச் சிரமமில்லை. கண்டுபிடித்த எண் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த இடத்தைக் கடக்க நான் கிரிக்கெட் பந்துவீச்சாளர்களைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன். இரண்டு பாடவேளை போதும். கரும்பலகையைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை.

கொடுத்த ஓட்டங்களை எடுத்த விக்கெட்டுகளால் வகுத்தால் பந்துவீச்சுச் சராசரி. இது குறைவாக இருந்தால்தான் நல்லது. “சராசரி குறைஞ்சா எப்படி சார் நல்லது?” என்று யாராவது கேட்பார்கள். உடனே விளக்காமல், கிரிக்கெட் பார்க்கும் மாணவர் ஒருவரையே பதில் சொல்லவிடுவேன்.

பலகையில் இரண்டு பெயர்களை எழுதுகிறேன். இங்கிலாந்தின் சிட்னி பார்ன்ஸ், 1901 முதல் 1914 வரை 27 டெஸ்டுகளில் 189 விக்கெட், சராசரி 16.43. மேற்கிந்தியத் தீவுகளின் மால்கம் மார்ஷல், 1978 முதல் 1991 வரை 81 டெஸ்டுகளில் 376 விக்கெட், சராசரி 20.94. யார் சிறந்தவர்? வகுப்பு முழுவதும் ‘பார்ன்ஸ்’ என்கிறது. (பும்ரா, அஸ்வின் பெயர்களை எழுதினால் பாடம் அங்கேயே நின்று சண்டை தொடங்கிவிடும். பழைய ஆட்களைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.)

அடுத்து பார்ன்ஸின் கணக்கைப் பிரிக்கிறோம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 20 டெஸ்டுகள், 2,288 ஓட்டங்கள், 106 விக்கெட். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 7 டெஸ்டுகள், 818 ஓட்டங்கள், 83 விக்கெட். மாணவர்களே வகுத்துப் பார்க்கிறார்கள்: முதலாவது 21.58, இரண்டாவது 9.86. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான எண் மார்ஷலின் 20.94-ஐவிட அதிகம் என்பதைச் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இந்த இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 15.72 வருகிறது, 16.43 வரவில்லை. பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. விக்கெட்டுகள் 106, 83 எனச் சமமாக இல்லாததால் சராசரிகளின் சராசரி சரியாக வராது என்பதை அவர்கள் வாயாலேயே வரவழைக்க வேண்டும். நிறையிட்ட சராசரி என்ற பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும். ஆசிரியர் அறையிலும் இது நமக்கு உதவும். ‘அ’ பிரிவில் 40 பேர், சராசரி 62. ‘ஆ’ பிரிவில் 20 பேர், சராசரி 50 என்றால் இரண்டும் சேர்ந்த சராசரி 58. தேர்ச்சிப் பகுப்பாய்வில் 56 என்று எழுதினால், நன்றாகப் படித்த 40 பேரின் உழைப்பில் ஒரு பகுதி தாளிலேயே காணாமல் போகிறது.

தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மட்டும் ஏன் 9.86? பார்ன்ஸின் 83 விக்கெட்டுகளில் 49, 1913-14-இல் அந்த நாட்டிலேயே, மேட் விரித்த ஆடுகளங்களில் எடுத்தவை. மேட்டில் விளையாடிய மாணவர்கள் பந்து எப்படித் திரும்பி எழும்பும் என்று செய்தே காட்டுவார்கள். எதிரணியும் அன்று வலுவாக இல்லை.

அப்படியானால் பார்ன்ஸ் சாதாரணமானவரா? ஒருமுறை, கிரிக்கெட்டே பார்க்காத மாணவி ஒருத்தி, “அதே தொடர்ல, அதே மைதானத்துல போட்ட இன்னொருத்தரோட கணக்கு இருக்கா சார்?” என்று கேட்டாள். இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. 1911-12 ஆஸ்திரேலியத் தொடரில் பார்ன்ஸ் 34 விக்கெட், சராசரி 22.88, உடன் வீசிய ஃபிராங்க் ஃபாஸ்டர் 32 விக்கெட், சராசரி 21.62. வெவ்வேறு காலத்து எண்களை நேரடியாக ஒப்பிடுவதைவிட, ஒவ்வொருவரையும் அவரவர் காலத்தவரோடு ஒப்பிடுவது நியாயம் என்று வகுப்பு அன்று முடிவு செய்தது.

என் கட்சி மார்ஷல்தான். 1983-84-இல், உலகக் கோப்பையை வென்றிருந்த இந்திய அணிக்கு எதிராக, வேகப்பந்துக்கு அதிகம் உதவாத நம் மண்ணில் 6 டெஸ்டுகளில் 33 விக்கெட், சராசரி 18.81. இதைப் பலகையில் எழுதுவதில்லை. கேட்டால் மட்டும் சொல்வேன்.

வீட்டுப்பாடத்துக்கு ஒரு கணக்கு. இங்கிலாந்தின் ஜார்ஜ் லோமன் 1,205 ஓட்டங்கள் கொடுத்து 112 விக்கெட் எடுத்தார். அவற்றுள் 203 ஓட்டங்களும் 35 விக்கெட்டுகளும் 1895-96-இல் தென்னாப்பிரிக்காவில் ஆடிய 3 டெஸ்டுகளில் வந்தவை. அவற்றை நீக்கினால் சராசரி என்ன? விடை 13.01. நீக்குவது நியாயமா என்பதற்கு இரண்டு வரி எழுதாமல் விடைத்தாளை வாங்காதீர்கள்.