யார் கேட்டது, யாருக்குக் கிடைத்தது

அன்பு மலர்விழி,

உன் கடிதம் கிடைத்தது. வகுப்பில் பெண்ணியத்தின் வரலாற்றை நான்கு அலைகளாகப் பிரித்து நடத்தியதையும், நம் ஊர்ப் பெண்கள் எந்த அலையில் வருவார்கள் என்று நீ கேட்டதையும் எழுதியிருந்தாய். "நாமெல்லாம் இன்னும் முதல் அலைக்கே வந்து சேரலையோ அத்தை?" என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரிதான் என்னை உட்கார வைத்து எழுதச் சொல்கிறது. முப்பது வருடம் வரலாறு நடத்தியவள் நான். இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

அந்த அலைக்கணக்கு பொய்யில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்ததை வைத்துப் போட்ட கணக்கு அது. 1848-இல் அமெரிக்காவில் செனிக்கா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டில் தொடங்கி, வாக்குரிமை வாங்கும்வரை நடந்தது முதலாவது. நியூசிலாந்துப் பெண்கள் 1893-இல் வாங்கினார்கள். அமெரிக்கப் பெண்கள் 1920-இல். இங்கிலாந்தில் 1918-இல் ஒரு பகுதியினரும் 1928-இல் மற்றவர்களும். அடுத்தது 1960-களில் வீடு, வேலை, உடல் ஆகியவற்றைப் பற்றிய சண்டை. 1990-களில் 'பெண் என்றால் எந்தப் பெண்?' என்ற கேள்வி. இப்போது பாலியல் தொல்லையைக் கைப்பேசி வழியாக வெளியே சொல்லும் 'மீ டூ' காலம். தேர்வுக்கு இதைப் படித்துக்கொள். ஆனால் இதை வைத்து உன் அப்பத்தாவை அளக்காதே.

நம் பக்கத்தில் வரிசையே வேறு. சென்னையில் 1917-இல் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோர் முன்னின்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921-இல் சென்னை மாகாண சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. இந்தியாவின் மாகாணங்களில் நாம்தான் முந்தி. பெருமைதான். ஆனால் சொத்தும் வரிச்சீட்டும் உள்ளவர்களுக்குத்தான் அந்த வாக்கு. சொத்தே இல்லாத பெண்ணுக்கு எங்கிருந்து வாக்கு வரும்? மேலூரிலும் சோழவந்தானிலும் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்தச் சட்டம் வந்த செய்திகூடத் தெரிந்திருக்காது. நாடு விடுதலை பெற்று, 1952 தேர்தலில்தான் அவர்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள்.

அதே சமயத்தில், மேற்கே பிற்பாடு வந்ததாகச் சொல்கிற கேள்விகள் இங்கே முன்பே பேசப்பட்டன. சுயமரியாதை இயக்கம் 1925-இல் பிறந்தது. 1929-இல் செங்கல்பட்டு மாநாட்டில் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நமக்குத் தெற்கே விருதுநகரில் 1931-இல் சுயமரியாதை மாநாடு நடந்தபோது அதோடு பெண்கள் மாநாடும் நடந்தது. பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதினார். மக்கள்தொகையைக் குறைப்பதற்காக இல்லை, பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று பெண் தன் விருப்பப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதற்காக. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் த பொவ்வாரின் பெண்ணிய நூல் வெளிவந்தது 1949-இல். இங்கே சாதாரணக் கடைக்காரர்களும் நெசவாளிகளும் கூடின பந்தலில் அதற்கு முன்பே இந்தப் பேச்சு நடந்துவிட்டது. யார் முந்தி என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. நாம் வேறொருவர் பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்ற நினைப்பு உனக்கு வரக் கூடாது, அதற்காகத்தான்.

இனி நான் உனக்குச் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம். எந்தப் போராட்டத்தைப் படித்தாலும் அது எத்தனையாவது அலை என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேள். யார் கேட்டார்கள்? யாருக்குக் கிடைத்தது? யார் இன்னும் காத்திருக்கிறார்கள்?

தேவதாசி ஒழிப்பை எடுத்துக்கொள். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைத் துணைத்தலைவராக இருந்து 1920-களின் கடைசியில் அதற்காகப் போராடினார். சட்டம் முழுதாக நிறைவேறியது 1947-இல். பாடப் புத்தகத்தில் கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் அந்தக் குலத்துப் பெண்களில் ஒரு பகுதியினர் சங்கம் கூட்டி, மனு எழுதி, சட்டத்தை எதிர்த்தார்கள். எங்களை எல்லாம் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று ஒரே பேரில் அடைக்கிறீர்கள், எங்கள் கலையும் சொத்தும் என்னாகும் என்று கேட்டார்கள். அவர்கள் குடும்பங்களில் சொத்து மகளுக்குப் போகும் வழக்கம் இருந்ததை மறந்துவிடாதே. மற்றக் குடும்பங்களில் அது இல்லை. இன்னொரு பக்கம், அதே குலத்துக்குள்ளிருந்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் எழுந்து, இது அடிமைத்தனம்தான் என்று ஊர் ஊராகப் பேசினார். 'தாசிகள் மோசவலை' நாவலை 1936-இல் எழுதினார். இரண்டு தரப்பும் அனுபவித்தவர்கள் சொன்னதுதான். இராமாமிர்தம் பக்கம்தான் நான் நிற்கிறேன், கோயிலுக்குப் பெண் குழந்தையை நேர்ந்துவிடுவதை எந்தக் கலைக்காகவும் பொறுக்க முடியாது. ஆனாலும் எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. அதே குலத்தில், மதுரையில் வீணை சண்முகவடிவு மகளாகப் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி உலகம் சுற்றினார். அந்தக் குலத்தில் பிறந்த மற்றப் பெண்களின் பாட்டும் ஆட்டமும் எங்கே போயின என்று பார்த்தால் வலிக்கும். சபா மேடை வேறு வீட்டுப் பெண்களுக்குக் கிடைத்தது. ஒரு கூட்டத்துப் பெண்களுக்காக இன்னொரு கூட்டம் பேசும்போது, பேசப்படுகிறவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடிப் படி. உன் படிப்பு முழுவதற்கும் இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்.

நம் ஊருக்கு வருகிறேன். கே.பி. ஜானகியம்மாளின் பெயர் உன் பாடத்திட்டத்தில் இருக்கிறதா? 1917-இல் பிறந்தவர். நாடகக் கம்பெனியில் பாடி நடித்து, விடுதலைப் போரில் சிறை போய், கம்யூனிஸ்டாகி, 1967-இல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானவர். 1970-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பாப்பா உமாநாத்தோடு சேர்ந்து ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டினார். அந்தச் சங்கம் கையில் எடுத்தது ரேஷன் கடை, தண்ணீர், கூலி, வரதட்சணைச் சாவு. வகுப்பில் யாராவது அதெல்லாம் பெண்ணியம் இல்லை, வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை என்று சொன்னால் நீ எழுந்து மறுத்துப் பேசு. குடத்தைத் தூக்கிக்கொண்டு விடியுமுன் நிற்கிறவள் யார்? அவள் உறக்கமும் இடுப்பும்தானே அதில் போகிறது?

தண்ணீர் என்றதும் லீலாவதியைச் சொல்லாமல் விட முடியாது. மதுரை வில்லாபுரத்தில் நெசவுக் குடும்பத்துப் பெண். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மாநகராட்சி உறுப்பினரானார். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்ற ஒதுக்கீட்டோடு தமிழ்நாட்டில் நடந்த முதல் தேர்தல் அது. காசுக்குத் தண்ணீர் விற்றவர்கள் பிடியிலிருந்த பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டு நின்றார். 1997 ஏப்ரல் 23 அன்று அவரை வெட்டிக் கொன்றார்கள். பெண் பதவிக்கு வந்தால் போதும், எல்லாம் மாறிவிடும் என்று பேசுகிறவர்களுக்கும், ஒதுக்கீட்டில் வருகிறவள் கையெழுத்து மட்டும் போடுவாள், வீட்டுக்காரர்தான் தலைவர் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கும் ஒரே பதில் அவர். பதவி கிடைத்த ஆறே மாதத்தில் அதை அவர் உண்மையாகப் பயன்படுத்தினார், அதனால்தான் கொன்றார்கள்.

அழகர்கோயில் பக்கத்துக் கிராமத்துச் சின்னப்பிள்ளையம்மாளை உனக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்கள் வழியாகக் கந்துவட்டியிலிருந்து பெண்களை மீட்டவர். டெல்லியில் விருது வாங்கப் போனபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ வந்தது. கோஷம் போடாமல், வாராவாரம் கூடிக் கணக்குப் பார்த்தே ஒரு பெண்ணின் நிமிர்வு வந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். குழுக் கடனே கழுத்தை இறுக்குகிற வீடுகளும் இன்று உண்டு; அதையும் பார்.

சாதியைப் பற்றி நீயே நிறையப் படித்திருப்பாய். தலித் எழுத்தாளர் பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது, 'சங்கதி' 1994-இல். இரண்டையும் சேர்த்துப் படி. காட்டில் ஒரே வேலைக்கு ஆணைவிடக் குறைந்த கூலி, தெருவில் மேல்சாதிக்காரன் தொந்தரவு, வீட்டில் சொந்தப் புருஷன் அடி என்று மூன்று பக்கமும் வாங்குகிறவள் வாழ்க்கை அதில் இருக்கிறது. இது பழைய கதையும் இல்லை. திண்டுக்கல்லில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். தலித் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் அதை விடவில்லை. 2022-இல் ஆலை நிர்வாகத்தோடும் வெளிநாட்டுத் துணி நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போட்டது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பவர்களை வைப்பது, புகார் சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது என்பது எல்லாம் அதில் இருந்தன. உலகம் முழுக்க அதைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்கிறார்கள். மீ டூ பற்றி எழுதும்போது திரைக்கலைஞர்களோடு நிறுத்தாமல் இதையும் எழுது. கைப்பேசியில் ஒரு பதிவு போட முடியாத பெண்கள் சாதித்தது இது.

சொத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு மனசு அதிகம் நிற்கிறது. 1929-இல் செங்கல்பட்டில் கேட்டது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது வருடம் ஆயிற்று. 1989 மார்ச் 25 முதல் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கலியாணமாகிப் போனவளுக்கு இல்லை என்று எழுதினார்கள். நான் 1984-இல் வாக்கப்பட்டவள். உன் சின்ன அத்தைக்குக் கலியாணம் 1991-இல். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தி வாரிசு, ஒருத்தி இல்லை. 2005-இல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத் திறக்க முடியாது. நம் வீட்டுப் பாகப்பிரிவினை 1998-இல் பதிவானது. பங்கு இருந்த உன் சின்ன அத்தையும் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறந்த வீட்டுச் சீர் நின்றுவிடக் கூடாது, நாளைக்குப் பிள்ளைகளுக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும் என்ற எண்ணம். உன் அப்பா மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவனும் ஊர் வழக்கப்படி நடந்தான், நாங்களும் நடந்தோம். எந்த அண்ணன் தம்பியும் கத்தியைக் காட்டி வாங்குவதில்லை. பாசத்தைக் காட்டி வாங்குகிறார்கள். சட்டம் வந்தும் கைக்கு வராமல் போவது இப்படித்தான். சென்ற நூற்றாண்டோடு முடிந்துவிட்டதாக உன் வகுப்பில் தாண்டிப்போகிற கேள்வி நம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே நீ கேட்ட இரண்டாவது கேள்விக்கு, அதாவது ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்பதற்கு, என் பதில் இதுதான். மேலூர் வட்டாரத்தில் நாலைந்து ஊரை எடுத்துக்கொள். 1989-க்குப் பிறகு எழுதின விடுதலைப் பத்திரங்களில் பெண்கள் எத்தனை, அவர்களுக்கு ஈடாக என்ன கொடுத்ததாக எழுதியிருக்கிறது என்று பார். சொத்தின் சர்வே எண் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கலாம். பத்திர நகலுக்கும் மனுப் போடலாம். பிறகு அந்தப் பெண்களிடம் போய்ப் பேசு. கையெழுத்துப் போட்ட அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள், படித்துக் காட்டினார்களா, அதற்குப் பின் சீர் வந்ததா என்று கேள். சாதிக்குச் சாதி, நிலம் உள்ளவர் இல்லாதவர் என்று பதில் மாறும். நிலமே இல்லாத குடும்பத்துப் பெண்களையும் சேர்த்துக் கேள். பட்டா யார் பேரில் இருக்கிறது, வீட்டுமனை யார் பேரில் கொடுத்தார்கள் என்று அவர்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கும்.

உன் பேருக்கும் ஒரு நாள் அப்படி ஒரு பத்திரம் வரும். உனக்குத் தம்பி இருக்கிறான். அவனிடம் பிரியமாக இரு, பத்திரத்தை முழுசாகப் படி, அன்றைக்கே கையெழுத்துப் போடாதே. ஒரு வாரம் வாங்கிக்கொண்டு எனக்குப் போன் பண்ணு.

சின்ன அத்தையிடம் பேசிவிட்டேன், முதல் பேட்டி அவளே தருவதாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த இரண்டு ஆசிரியைகளும் அவரவர் ஊரில் உன்னை அழைத்துப் போகத் தயார். எப்போது வருகிறாய் என்று எழுது.

அன்புடன்,
உன் பெரிய அத்தை
மதுரை