யாருக்கு ஆபத்து? மதிப்பெண் சொல்லாத விடை

மாணவர்களே, கணிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் பேசப் போவது தற்கொலையைப் பற்றி. காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய விஷயம் அன்று. நம் நாட்டில் 2022-இல் நடந்த இளையோர் சுகாதார ஆய்வில், இடைநிலைப்பள்ளி மாணவர்களுள் ஏறத்தாழ எட்டில் ஒருவர் தமக்கு அந்த எண்ணம் வந்ததாகக் கூறினார்.

கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா போன்ற பெரிய அரசு மருத்துவமனைக்கு, மனமுடைந்த ஒருவரை இரவில் அழைத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வார்டில் சேர்ப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா? மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். இதற்கு இரத்தப் பரிசோதனை கிடையாது, எக்ஸ்ரேயும் கிடையாது. அதனால் வயது, தனிமை, மது, முந்தைய முயற்சி என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் ஆபத்தில் இருப்பவர் யாரென்று தெரிந்துவிடாதா என்று பலர் முயன்றார்கள்.

அமெரிக்காவின் ஹியூஸ்டனில் போக்கோர்னி என்ற மருத்துவர், மனநலப் பிரிவில் சேர்ந்த 4,800 பேரை அப்படி மதிப்பிட்டு, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். 1983-இல் முடிவை வெளியிட்டார். 67 பேர் தற்கொலை செய்துகொண்டிருந்தனர். அவர்களுள் 35 பேரைக் கணக்கு முன்கூட்டியே சரியாகக் குறித்திருந்தது. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அதே கணக்கு இன்னும் 1,206 பேரையும் ஆபத்தானவர்கள் என்று குறித்திருந்தது. அவர்கள் தற்கொலை செய்துகொள்ளவில்லை. 35-ஐ 1,241-ஆல் வகுத்துப் பாருங்கள்: 2.8 விழுக்காடு. ‘ஆபத்தில்லை’ என்று ஒதுக்கப்பட்டவர்களுள் 32 பேர் இறந்தார்கள். எனக்கு இந்த 32-தான் உறுத்துகிறது.

மருத்துவர் திறமைசாலிதான், சிக்கல் எண்ணில் இருக்கிறது. மலேசியாவில் ஓர் இலட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 6 தற்கொலைகள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் ஒரு சோதனையை நாமே கற்பனை செய்வோம். அந்த 6 பேரில் ஐவரைப் பிடித்துவிடும். மீதி 99,994 பேரில் பத்து விழுக்காட்டினரைத் தவறாகக் குறிக்கும். அதாவது ஏறத்தாழ 10,000 பேர். நிகழ்வு அரிதாக இருந்தால், நல்ல சோதனையும் இப்படித்தான் தடுமாறும். ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளை 2017-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். கணிப்பு, நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேலாக இருந்தது, அவ்வளவுதான். யாருக்குச் சிகிச்சை என்பதை இத்தகைய மதிப்பெண்களை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி 2022-இல் சொல்லிவிட்டது.

வார்டில் நோயாளி ஒருவர் பிறரைத் தாக்குவாரா என்ற கேள்விக்கு மட்டும் கணிப்பு ஓரளவு கைகொடுக்கிறது. நார்வேயில் உருவான ஒரு பட்டியலில் ஆறே அறிகுறிகள்: குழப்பம், எரிச்சல், கூச்சல், வாய் மிரட்டல், கை ஓங்குதல், பொருளை உடைத்தல். தாதியர் அவற்றைக் குறித்து, அடுத்த 24 மணி நேரத்தை மட்டும் கணிக்கிறார்கள். கருமேகத்தைப் பார்த்து இன்று மாலை கிள்ளானில் மழை வருமா என்று சொல்லலாம். அடுத்த தீபாவளியன்று வருமா என்றால்? (மனநோயாளி என்றாலே அடிப்பார் என்பது வெறும் கதை. அவர்களுள் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்று நண்பனைக் கேலி செய்வதை விட்டுவிடலாமே.)

அப்படியானால் மருத்துவர் என்னதான் செய்வது? சென்னையும் கொழும்பும் சேர்ந்து ஒரு விடை தந்தன. பிரேசில், ஈரான், சீனா ஆகிய நாடுகளின் நகரங்களும் இந்த ஆய்வில் இருந்தன. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மறு பிரிவுக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடலும், பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசி அழைப்போ நேரில் ஒரு சந்திப்போ கிடைத்தன. ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற விசாரிப்பும் தேவையான உதவிக்கு வழிகாட்டுதலும்தான். 2008-இல் வெளியான முடிவு: முதல் பிரிவில் 18 பேர் தற்கொலையால் இறந்தார்கள், இரண்டாவதில் 2 பேர். யார் இறப்பார் என்று அங்கே யாரும் கணிக்கவில்லை. எல்லாரையும் விசாரித்தார்கள்.

இன்றைய நல்ல மதிப்பீடும் இந்த வழியில்தான் போகிறது. ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று மருத்துவர் நேராகவே கேட்கிறார். நோயாளியோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுகிறார்: மனம் மோசமாகும்போது முதலில் தெரியும் அறிகுறி என்ன, எது மனத்தை ஆற்றும், யாரை அழைக்கலாம், ஆபத்தான பொருள்களை வீட்டில் யார் அப்புறப்படுத்துவார்.

கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாதா என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. நியூயார்க் மாநிலத்தில் உங்கள் வயதுடைய 2,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் சோதித்தார்கள். 2005-இல் வந்த முடிவின்படி, கேட்டதால் யாருக்கும் மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. மற்றோர் அச்சம் சட்டத்தால் வந்தது. முயன்றவரையே குற்றவாளியாக்கிய குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவை நம் நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. இப்போது மருத்துவமனையில் உண்மையைச் சொன்னால் போலீஸ் வழக்கு வருமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

தோழி உங்களிடம் அப்படிச் சொல்லி, ‘யாரிடமும் சொல்லாதே’ என்று கேட்டால், அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள். அவளைத் தனியே விடாமல் பெற்றோரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ உடனே சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999. கோலாலம்பூர் பிரெண்டர்ஸ் 1970 முதல் இயங்குகிறது. 03-76272929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.