மூளை வாசிக்கும் கச்சேரி

கேள்வி: தலையில் சென்சாரை மாட்டிக்கொண்டால் மூளை அலைகளே இசையாகவும் ஓவியமாகவும் மாறும் கலைக் கண்காட்சிகள் உண்டாமே? மனதிலுள்ள ரகசியமெல்லாம் வெளியே வந்துவிடாதா?

பதில்: பயமே வேண்டாம். தலைத்தோலில் ஒட்டும் மின்முனைகள் பிடிப்பது, லட்சக்கணக்கான நரம்பணுக்கள் சேர்ந்து எழுப்பும் மெல்லிய மின்துடிப்பை மட்டுமே. தேர்த்திருவிழா இரைச்சல் அடுத்த தெருவரை கேட்கும். யார் யாரிடம் என்ன பேசினார் என்பது கேட்காது.

கண்ணை மூடி அமைதியாக இருந்தால், நொடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும் ஆல்ஃபா அலை ஓங்கும். அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1965-இல் இதை வைத்தே கச்சேரி செய்தார். அவர் அசையாமல் உட்கார்ந்திருக்க, பெருக்கப்பட்ட அலைகள் ஒலிபெருக்கிகளை அதிரவைத்தன. அந்த அதிர்வில் முரசுகள் முழங்கின.

ஜப்பானியக் கலைஞர் மரிகோ மோரி 2003-இல் காட்சிக்கு வைத்த 'வேவ் யூஎஃப்ஓ' என்ற கலைப்படைப்பின் உள்ளே மூன்று பேர் சாய்ந்து படுக்க முடிந்தது. மேலே குவிமாடத்தில் அவரவர் மூளை அலை வண்ண உருவங்களாக மிதந்தது. அமைதிக்கு நீலம், கனவுநிலைக்கு மஞ்சள் என மனநிலைக்கேற்ப நிறமும் மாறியது.

இப்போது இதை விஆர் கண்ணாடியோடு இணைக்கிறார்கள். மனநிலைக்கேற்ப எதிரே தெரியும் மெய்நிகர் உலகம் மாறுகிறது. ஒரே சிக்கல்: கண் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் கண்ணிலும் தசையிலும் எழும் மின்சாரம் மூளை அலையை அமுக்கிவிடும். எனவே அங்கே வெடித்துச் சிதறும் வண்ணங்கள் உங்கள் ஆழ்மனமா, தாடையா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்!