கணினிப் படமும் விளையாட்டுப் பெட்டிப் படமும்



ஆண்டிறுதி விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன்னர் ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சொற்போர் நிகழ்த்திக் கொண்டிருந்தனர். ஒருவனுடைய மாமா பட்டணத்தில் பிளேஸ்டேசன் 5 என்னும் விளையாட்டுப் பெட்டி வைத்திருக்கிறார். மற்றவனுடைய அண்ணனிடம் கணினி இருக்கிறது. ஒரே வீடியோ விளையாட்டு இவற்றுள் எதில் அழகாகத் தோன்றும் என்பதே வழக்கு. தீர்ப்புக் கேட்டு நம்மிடம் வந்தனர். "கணினியில்தான்" என்று ஒரே சொல்லில் விடை கூறி அனுப்பிவிட்டோம்.

அவ்விடை பிழையானது என்பதை மறுவாரமே உணர்ந்தோம். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தந்தை ஒருவர் பள்ளிக்கு வந்தார். "கணினியில்தான் படம் நன்றாக இருக்கும் என்று நீங்கள் சொன்னீர்களாம், ஐயா. படிப்புக்கும் ஆகும், விளையாட்டுக்கும் ஆகும் என்று பையன் கேட்கிறான். சேர்த்து வைத்த பணத்தில் ஒன்று வாங்கிவிடலாமா?" என்று வினவினார். நம் ஒரு சொல்லை நம்பி ஒரு குடும்பத்தின் சேமிப்பு கைமாறவிருந்தது. ஆதலின் இப்பொருளைச் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

முதலில், திரையில் தோன்றும் படம் எவ்வாறு உண்டாகிறது என்பதைக் காண்போம். நம் அன்னையர் வாசலில் புள்ளிக் கோலம் இடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து புள்ளி வைத்தால் சிறு பூ ஒன்று வரும். இருபத்தொரு புள்ளி வைத்தால் தேரும் மயிலும் வரும். திரைப் படமும் புள்ளிகளால் ஆனதே. அப்புள்ளியைப் பிக்சல் என்பர். முழு எச்.டி. எனப்படும் திரையில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பாருங்கள்: 2,073,600. 4கே எனப்படும் திரையில் குறுக்கே 3840, நெடுக்கே 2160. பெருக்கினால் 8,294,400. சரியாக நான்கு மடங்கு.

திரைப்படத்தில் காட்சிகள் யாவும் முன்னரே எடுக்கப்பட்டவை. விளையாட்டிலோ ஆடுபவர் எப்பக்கம் திரும்புவார் என்பதை எவரும் அறியார். எனவே அவர் திரும்பிய கணத்தில்தான் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் இயந்திரம் கணித்து வரைய வேண்டும். ஒரு படம் வரைந்தால் போதாது. அசைவு தெளிவாகத் தோன்ற நொடிக்கு 30 படங்களேனும் வேண்டும். 60 இருந்தால் மிகச் சீராக ஓடும். நொடிக்கு 60 படமெனில், ஒரு படத்தை வரையக் கிடைக்கும் காலம் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஏறத்தாழ 17 பங்கே. அதற்குள் முடியாவிடில் படம் தட்டுத் தடுமாறும்.

இதனை விளக்கச் சுவையான செய்தி ஒன்றுண்டு. 1978ஆம் ஆண்டில் சப்பானின் தைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதனை உருவாக்கியவர் டொமோஹிரோ நிஷிகாடோ. வேற்றுலக உருவங்கள் வரிசை வரிசையாக மேலிருந்து இறங்கி வரும். ஆடுபவர் அவற்றைச் சுட வேண்டும். சுடச் சுட, எஞ்சியவை மேலும் மேலும் விரைந்து ஓடும். அவ்விரைவு திட்டமிட்டு அமைத்ததன்று. வரைய வேண்டிய உருவங்கள் குறையக் குறைய அந்த எளிய இயந்திரம் தன் வேலையை விரைவாக முடித்தது, அவ்வளவே! ஆட்டத்திற்கு அது சுவை கூட்டியதால் நிஷிகாடோ அதனை அப்படியே விட்டுவிட்டார். சுமை மிகுந்தால் தாமதம், சுமை குறைந்தால் விரைவு என்னும் அவ்விதி இன்றைய விலையுயர்ந்த இயந்திரங்களுக்கும் பொருந்தும்.

இனி விளையாட்டுப் பெட்டிகளைப் பார்ப்போம். இவற்றைக் கன்சோல் என்பர். சோனியின் பிளேஸ்டேசன் 5, மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் ஆகிய இரண்டும் 2020 நவம்பரில் விற்பனைக்கு வந்தன. முன்னதன் படம் வரையும் சில்லு நொடிக்கு ஏறத்தாழ 10 இலட்சம் கோடிக் கணக்குகளையும், பின்னது 12 இலட்சம் கோடிக் கணக்குகளையும் செய்யவல்லது. இரண்டிற்கும் சில்லு வடிவமைத்தது ஒரே நிறுவனம், அமெரிக்காவின் ஏ.எம்.டி. அந்நிறுவனம் 1972இலேயே பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை திறந்தது. நம் வாசகருள் மூத்தோர் சிலருக்கு அவ்வட்டாரத்து ஆலைகள் நன்கு நினைவிருக்கும்.

கன்சோலின் சிறப்பு அதன் மாறாத் தன்மையே. 2020இல் கோலாலம்பூரில் வாங்கிய பிளேஸ்டேசன் 5-உம் தோக்கியோவில் வாங்கிய பிளேஸ்டேசன் 5-உம் ஒரே வலிமை கொண்டவை. ஆகவே ஆட்டத்தை ஆக்குவோர் அந்த ஒரு பெட்டியின் ஆற்றலை நன்கறிந்து, அதற்கேற்பத் தைத்த சட்டைபோல் படங்களை அமைக்கின்றனர்.

'ஸ்பைடர்மேன்: மைல்ஸ் மொராலஸ்' என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் நகரின் கண்ணாடி மாளிகைகளுக்கிடையே சிலந்தி வீரன் தாவிச் செல்வான். அக்கண்ணாடிகளில் எதிர்த்தெருவும் வானமும் மெய்யாகவே பிரதிபலிக்க வேண்டுமாயின், ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்பதை இயந்திரம் பின்தொடர்ந்து கணிக்க வேண்டும். இதற்கு ரே டிரேசிங் என்று பெயர். மிகக் கடுமையான கணக்கு இது. பிளேஸ்டேசன் 5-இல் இவ்வாட்டம் வெளிவந்தபோது இரு வழிகள் இருந்தன. ஒன்றில் பிரதிபலிப்பு உண்டு, ஆனால் நொடிக்கு 30 படமே. மற்றதில் 60 படம் உண்டு, அந்தப் பிரதிபலிப்பு இல்லை. 2020 டிசம்பரில் மூன்றாம் வழி ஒன்றைச் சேர்த்தனர்: இரண்டும் உண்டு, ஆனால் புள்ளிகள் குறைவு. பானையில் உள்ள சோறு அதேதான். பரிமாறும் விதமே மாறியது.

இதே ஆட்டம் 2022 நவம்பரில் கணினிக்கும் வந்தது. எவ்வகைக் கணினி வேண்டும் என்பதற்கு வெளியீட்டாளரே ஒரு பட்டியல் தந்தனர். பாடத்தின் உயிர்நாடி இங்கேதான் உள்ளது. பட்டியலின் கீழ்ப்படியில் இருந்த கணினிக்கு 1280 பெருக்கல் 720 புள்ளிகள், நொடிக்கு 30 படம். மேற்படியில் இருந்த கணினிக்கு 4கே புள்ளிகள், நொடிக்கு 60 படம், ரே டிரேசிங்கும் உண்டு. மாணவர்களே, தாளில் கணக்கிடுங்கள். புள்ளிகள் 9 மடங்கு. படங்கள் 2 மடங்கு. ஆக, ஒரே நொடியில் வரையும் புள்ளிகள் 18 மடங்கு! இரண்டிற்கும் பெயர் கணினிதான்.

'பிளேஸ்டேசன் 5' என்பது ஒரு பொருளின் பெயர். 'கணினி' என்பதோ 'வண்டி' என்பது போன்ற பொதுப்பெயர். மிதிவண்டியும் வண்டி, எண்ணெய் லாரியும் வண்டி. எந்தக் கணினி என்று கேளாமல் நாம் தீர்ப்புக் கூறியதே அன்று செய்த பிழை.

கணினியில் படத்தின் தரத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது கிராபிக்ஸ் கார்டு என்னும் தனி உறுப்பு. 2022 அக்டோபரில் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4090 என்னும் கார்டு நொடிக்கு 82 இலட்சம் கோடிக் கணக்குகளைச் செய்யும். எண் எட்டு மடங்காயினும் படம் எட்டு மடங்கு அழகாகிவிடாது. இவ்வெண்களைக் காட்டி விற்போரிடம் சற்று விழிப்பாக இருத்தல் நன்று. அக்கார்டு மட்டும் 450 வாட் வரை மின்சாரம் உண்ணும்; ஆறு கூரை மின்விசிறிகள் ஓடுவதற்கு ஒப்பு. வெளியீட்டின்போது அதன் விலை 1,599 அமெரிக்க டாலர். தட்டுடன் வந்த பிளேஸ்டேசன் 5-இன் விலை 2020இல் 499 டாலர். அவ்விலைகளின்படி ஒரு கார்டின் விலையில் மூன்று பெட்டிகள் வாங்கியிருக்கலாம். கணினியின் மற்ற உறுப்புகளை இன்னும் வாங்கவே இல்லை!

இன்னொரு நுட்பமும் உண்டு. இக்காலத்தில் இருவகை இயந்திரங்களுமே பெரும்பாலும் எல்லாப் புள்ளிகளையும் கணிப்பதில்லை. குறைந்த புள்ளிகளைக் கணித்து, எஞ்சியவற்றை ஊகித்து நிரப்புகின்றன. அழிந்த கோலத்தைப் பார்த்துப் பழகிய கைகள் விட்டுப்போன இழையை இட்டு நிரப்புவதை ஒக்கும் இது. என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ்., ஏ.எம்.டி.யின் எப்.எஸ்.ஆர். ஆகியன கணினியில் இவ்வேலையைச் செய்கின்றன. 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேசன் 5 புரோ இதற்கென்றே தனி முறை ஒன்றைக் கொண்டுள்ளது.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாடம் கேட்ட வீடுகளை நாம் அறிவோம். அவ்வீடுகளுக்குக் கணினி பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் பாடத்திற்குப் போதுமான எளிய கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருப்பதில்லை. அதில் புதிய பெரிய ஆட்டங்கள் கன்சோலில் தோன்றும் அழகில் ஒருபோதும் தோன்றா. மடிக்கணினியாயின் பின்னர் கார்டு சேர்ப்பதும் பெரும்பாலும் இயலாது. கன்சோலிலோ பாட வேலை நடவாது. பிறரோடு இணையவழி ஆடப் பெரும்பாலான ஆட்டங்களுக்குச் சந்தாவும் கட்ட வேண்டும். "படிப்புக்கும் ஆகும், விளையாட்டுக்கும் ஆகும்" என்பது பொய்யன்று. ஆயினும் அப்படிப்பட்ட கணினியின் விலை வேறு.

அத்தந்தையிடம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்து, கடையில் கேட்க வேண்டிய வினாக்களையும் தாளில் எழுதித் தந்தோம். தனிக் கார்டு உண்டா, அதன் பெயர் என்ன, பின்னர் மாற்ற இயலுமா, வீட்டில் உள்ள திரைக்கு எத்தனைப் புள்ளிகள்?

இறுதி வினாவைப் பலர் மறந்துவிடுகின்றனர். முழு எச்.டி. தொலைக்காட்சியில் எவ்வளவு வலிய இயந்திரத்தை இணைத்தாலும் 2,073,600 புள்ளிகளுக்கு மேல் தோன்றா. பத்தடி தொலைவில் அமர்ந்து சிறு திரையைப் பார்ப்பவருக்கு 4கே வேறுபாடு கண்ணுக்கே எட்டாது. மேசைமேல் இரண்டடி தொலைவில் உள்ள கணினித் திரையில் அது எளிதில் தெரியும்.

விடுமுறை முடிந்து வந்ததும் அவ்விரு மாணவரையும் அழைத்து, தத்தம் திரையின் அளவை அறிந்து வருமாறு பணித்தோம். மாமா வீட்டுத் தொலைக்காட்சி 1920 பெருக்கல் 1080. அண்ணனின் கணினித் திரை 1366 பெருக்கல் 768. அக்கணினியில் தனிக் கார்டும் இல்லை. இருவரும் சிறிது நேரம் பேசாமல் நின்றனர். பிறகு மாமா வீட்டுக்குச் சேர்ந்தே போவதென்று முடிவு செய்துகொண்டனர்.