தணல் அடுப்பும் 'நாம்' என்னும் சொல்லும்



ஒரு நாட்டை அறிய அதன் தலைநகரையும் விளைபொருளையும் மனப்பாடம் செய்தால் போதும் என்றே எண்ணியிருந்தோம். பிலிப்பைன்ஸ் மக்களின் உணவைப் பற்றிக் கட்டுரை எழுதும் பணி எங்கள் வகுப்புக்குக் கிடைத்தபோதுதான் அந்த எண்ணம் மாறியது. வாருங்கள், மனக்கண்ணால் அங்குள்ள ஒரு சிறிய கடைக்குள் நுழைவோம்.

பிலிப்பைன்ஸ் 7,641 தீவுகளைக் கொண்ட நாடு. அவர்கள் மொழியில் 'இஹாவ்' என்றால் தணலில் சுடுவது. சுட்டு விற்கும் கடை 'இஹாவான்'. ஆடம்பரம் ஏதுமில்லை. மர மேசைகள், பெஞ்சுகள், வாசலருகே கரியடுப்பு. பெயர்ப்பலகையைப் படிக்குமுன் புகையே நம்மை அழைத்துவிடும்.

நீக்ரோஸ் தீவிலுள்ள பகோலோட் நகரம் 'இனசால்' என்னும் சுட்ட கோழிக்குப் பெயர் பெற்றது. கோழித் துண்டுகளை வினிகர், கலமான்சி என்னும் சிற்றெலுமிச்சையின் சாறு, எலுமிச்சைப்புல், இஞ்சி, பூண்டு, மிளகு ஆகியவற்றில் ஊறவைக்கிறார்கள். பின்னர் குச்சியில் கோத்துத் தணலின்மேல் வைத்து, அன்னாட்டோ என்னும் செந்நிற விதையிட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தடவித் தடவித் திருப்புகிறார்கள். புளிப்பு இறைச்சியை மென்மையாக்குகிறது. எண்ணெய் அது வறண்டுபோகாமல் காத்து நிறமும் தருகிறது. அன்னாட்டோ மரம் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. மெக்சிகோவுக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் வணிகம் செய்தன. ஸ்பானியர் வழியாகவே அவ்விதை அங்கு வந்தது. நம் சமையலறை மிளகாயும் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்ததே அல்லவா?

பலர் சிலுவை அடையாளம் வரைந்த பின்னரே உண்ணத் தொடங்குகிறார்கள். கையால் உண்பதற்குக் 'கமாயன்' என்று பெயர். சோயா சாறு, வினிகர், கலமான்சி, மிளகாய் ஆகியவற்றை அவரவர் விருப்பப்படி கலந்து தொட்டுக்கொள்ளலாம். சமைத்தவர் அதைக் குறையாக நினைப்பதில்லை. பக்கத்தில் 'அட்சாரா' என்னும் பப்பாளிக்காய் ஊறுகாய். இலங்கைத் தமிழர் வீடுகளில் 'அச்சாறு' என்பதும் இதன் உறவுச் சொல்லே. மாம்பழத்தை அவர்கள் 'மங்கா' என்கிறார்கள். நம் 'மாங்காய்' மலாய் மொழி வழியாக அங்கு போய்ச் சேர்ந்த சொல் அது.

சோறின்றி அவர்களுக்கும் உணவில்லை. 1960-இல் அந்நாட்டின் லாஸ் பானோஸில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1966-இல் அது வெளியிட்ட ஐ.ஆர். 8 நெல் நம் வயல்களிலும் விளைந்தது. கும்பகோணத்தில் பிறந்த டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அந்நிலையத்தின் தலைமை இயக்குநராக இருந்தார்.

இனி, எங்களைச் சிந்திக்க வைத்த பகுதிக்கு வருகிறோம். தெருவோர அடுப்புகளில் 'இசாவ்' என்னும் குடலையும் சுட்டு விற்கிறார்கள். கோழிக் கால்களுக்கு, காலணியின் பெயரால், 'அடிடாஸ்' என்றும், உறைந்த இரத்தக் கட்டிகளுக்கு, பழைய வீடியோ நாடாப் பெட்டியின் வடிவத்தால், 'பீட்டாமாக்ஸ்' என்றும் வேடிக்கைப் பெயர்கள். மலிவான பாகங்களைக்கூட வீணாக்காமல் சுவையான உணவாக்கும் சிக்கனம் அது. ஆனால் இதை வகுப்பில் வாசித்தபோது நாங்கள் "சீ!" என்று முகம் சுளித்துச் சிரித்தோம்.

கடைசிப் பெஞ்சிலிருந்த தோழி மெல்லச் சொன்னாள்: "எங்க வீட்டிலும் குடல் குழம்பு, ரத்தப் பொரியல் எல்லாம் உண்டு. அதனால்தான் நான் டிபன் மூடியைச் சாய்த்து மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன்."

எங்களுக்குத் தலை நிமிரவில்லை. ஆசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கரும்பலகையில் 'காமி', 'தாயோ' என்ற இரண்டு தகாலோக் மொழிச் சொற்களை எழுதினார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழிலோ, தகாலோக்கில் உள்ளதைப் போலவே, வேறுபாடு உண்டு. 'காமி' என்றால் நாங்கள்; கேட்பவர் அதில் சேரமாட்டார். 'தாயோ' என்றால் நாம். கேட்பவரும் அதில் அடக்கம். பிலிப்பைன்ஸ் மக்கள் உண்ணும்போது யாரேனும் அருகே வந்தால் "காயின் தாயோ" என்பார்கள். "வாருங்கள், நாம் சாப்பிடுவோம்" என்று பொருள். வந்தவர் நன்றி கூறி நகர்ந்துவிடலாம். ஆயினும் அழைக்காமல் இருப்பது பண்பன்று.

மறுநாள் மதியம் எங்கள் பெஞ்சுகளை அவள் பெஞ்சோடு சேர்த்துப் போட்டோம். அவள் மூடியை முழுதாகத் திறக்க மேலும் இரண்டு நாள் ஆயிற்று. புண்பட்ட மனம் ஒரே நாளில் ஆறாது என்பதையும் அப்போது கற்றோம்.

தோழியரே, பிறர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கும்முன், அதைச் சமைத்த தாயின் கைகளை நினைப்போம். 'நாங்கள்' என்று பிரிந்து உண்பதை விட்டு, 'நாம்' என்று கூடி உண்போம்.