வாசிக்கத் திணறும் பிள்ளைக்குக் கதை: மலையடிவார வீடுகளுக்குச் சில குறிப்புகள்

காதால் கேட்ட கதையை ஒரு வாரம் கழித்தும் பிசகாமல் திருப்பிச் சொல்லும் பிள்ளை, அதே கதையைப் புத்தகத்தில் பார்த்ததும் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறதா? சோம்பல் என்று திட்டாதீர்கள். டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அறிவுக் குறைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தேனி மாவட்டம் போடியில் விடியுமுன் ஜீப் ஏறி, ஏலத் தோட்டத்துக்குப் போய், பொழுது சாயத் திரும்பும் வீடுகளை மனதில் வைத்து இவற்றை எழுதுகிறேன்.

1. கதை முதலில் காதுக்கு. வாசிக்கக் கற்றபிறகு கதைப் புத்தகம் தரலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் வாசிப்பு இரண்டாம் வகுப்பில் நிற்கலாம். அதற்காகக் காக்கா வடைக் கதையையே சொல்லிக்கொண்டிருந்தால் சொல்வளமும் அங்கேயே நின்றுவிடும். அந்த வயதுக்குரிய கதையை வாசித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி சொல்லும் கதையும் இதில் சேர்த்திதான்.

2. ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. தடுக்கும் இடங்கள் பெரும்பாலும் இவை. கொம்பு போட்ட எழுத்தும் அப்படித்தான்: 'கொ' என்பதில் காது முதலில் கேட்பது க். கண் முதலில் பார்ப்பதோ கொம்பு. தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, ஒலியை வாய்விட்டுச் சொல்லியபடி விரலால் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். பிறகு எழுத்துச் சீட்டுகளைக் கலந்து கொட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். ஏலக்காய் தரம் பிரிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த விளையாட்டு உடனே பிடிபடும்.

3. விரல் வைத்து வாசித்தால் கையைத் தட்டிவிடாதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும்படி சன்னல் வெட்டிக் கொடுங்கள்.

4. புத்தகத்தைப் பார்த்து எடுங்கள். எடின்பரோவில் 1998இல் தொடங்கிய பாரிங்டன் ஸ்டோக் பதிப்பகம் இப்பிள்ளைகளுக்கென்றே மங்கிய நிறத் தாளில், இடைவெளி விட்ட எழுத்தில், சின்னச் சின்ன அத்தியாயங்களாக நூல் போடுகிறது. தமிழ் நூல் வாங்கும்போதும் இதே அடையாளங்களைத் தேடலாம். நம் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற படிகளில் வந்திருக்கின்றன, பள்ளியில் கேளுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015 முதல் தமிழ்க் கதைகள் இலவசம். மேலே தோட்டத்தில் சிக்னல் கிடைக்காது என்றால் போடியிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

5. தன்னைப் போன்ற நாயகனைப் பிள்ளை சந்திக்க வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள மகனுக்குத் தூங்கப் போகுமுன் கிரேக்கப் புராணம் சொல்லிவந்த ரிக் ரியார்டன், அதிலிருந்தே பெர்சி ஜாக்சனை உருவாக்கி 2005இல் நாவலாக்கினார். தனக்கு டிஸ்லெக்சியா என்பதை 31 வயதில்தான் அறிந்த நடிகர் ஹென்றி விங்க்லர், லின் ஆலிவருடன் சேர்ந்து 2003 முதல் ஹாங்க் ஜிப்சர் கதைகளை எழுதினார். இந்த இரண்டில் என் ஓட்டு ஹாங்குக்கு. பெர்சி கடவுளின் பிள்ளை. ஹாங்க் ஸ்பெல்லிங் தப்பும் பக்கத்து வீட்டுப் பையன். 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' இந்திப் படத்தில் டிஸ்லெக்சியா உள்ள சிறுவன் ஓவியப் போட்டியில் ஜெயிக்கிறான். கண் கலங்கத்தான் செய்கிறது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஓவியம் வராது. வர வேண்டியதும் இல்லை. வாசிப்பில் இல்லாததை வேறொரு திறமையால் ஈடுகட்டினால்தான் மதிப்பு என்று ஒரு குழந்தைக்குச் சொல்லித் தரக்கூடாது.

6. உங்கள் ஊர் நாயகனை நீங்களே உண்டாக்குங்கள். பஸ் போர்டைப் படிக்கத் தடுமாறி, குரங்கணி வண்டி என்று நினைத்துப் போடிமெட்டு வண்டியில் ஏறிவிட்ட ஒரு சிறுமி. அப்புறம் என்ன ஆச்சு? பிள்ளை சொல்லட்டும், அக்காவோ அண்ணனோ அதே சொற்களில் பெரிதாக எழுதட்டும். மறுநாள் அதை வாசிக்கக் கொடுங்கள். தான் சொன்ன வாக்கியம் என்பதால் அடுத்த சொல் என்ன என்று பிள்ளைக்குத் தெரியும். பயம் பாதி குறையும்.

7. கேரளத்தில் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் தங்கிப் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று லிபிகள். ஒன்றில் கால் ஊன்றும்வரை மற்றவற்றில் கதை கேட்டால் போதும்.

8. விருந்தாளி முன்னால் சத்தமாக வாசிக்கச் சொல்லவே வேண்டாம்.

9. கண்ணையும் காதையும் முதலில் சோதித்துவிடுங்கள். அதில் கோளாறு இல்லையென்றால் தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்கென்றே இயங்குகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. சான்றிதழ் இல்லாமல் அவை கிடைக்காது என்பதால், பத்தாம் வகுப்பு வரை தள்ளிப்போடாமல் எட்டாம் வகுப்பிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.